மின்னஞ்சல்வழி ஆட்டமும் நேரடிச் சேவையக ஆட்டமும்

மின்னஞ்சல்வழி ஆட்டம் என்பது, பலர் சேர்ந்து ஆடும் உத்தி விளையாட்டில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் தம் நகர்வுகளை ஒரு கோப்பாகவோ எழுத்துக் கட்டளைகளாகவோ மின்னஞ்சலில் அனுப்பி ஆடும் முறை ஆகும். நேரடிச் சேவையக ஆட்டம் என்பது, ஆட்டக்காரர்களின் கணினிகள் அனைத்தும் சர்வர் எனப்படும் பொதுக் கணினி ஒன்றோடு ஒரே நேரத்தில் இணைந்திருந்து, நகர்வுகளை உடனுக்குடன் பரிமாறிக்கொள்ளும் முறை ஆகும். முதலாவதில் ஓர் ஆட்டம் மாதக் கணக்கில் நீளலாம். இரண்டாவதில் அதே ஆட்டம் ஒரே மாலையில் முடியலாம்.

முன்னதைப் பழைய முறை என்றும் பின்னதைப் புதிய முறை என்றும் பிரித்துச் சொல்வது வழக்கம். வேகத்தை மட்டும் பார்த்தால் அது சரியாகத் தோன்றும். ஆனால் பலர் சேர்ந்து ஆடும் எந்த ஆட்டத்திலும் இரண்டு கேள்விகளுக்கு விடை கண்டாக வேண்டும். ஆடுபவர் அனைவரும் ஒரே நேரத்தில் வந்திருக்க வேண்டுமா? ஆட்டத்தின் உண்மையான நிலை யார் கையில் இருக்கிறது? முதல் கேள்வி யாரெல்லாம் ஆட முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது கேள்வி அந்த ஆட்டத்தை எவ்வளவு நம்பலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. இவ்விரு கேள்விகளையும் கொண்டே இரு முறைகளையும் இங்கே ஒப்பிட்டுப் பார்ப்போம்.

இருவகை முறைகள்

எல்லா விளையாட்டையும் மின்னஞ்சலில் ஆட முடியாது. கார்ப் பந்தயத்திலும் துப்பாக்கிச் சண்டையிலும் கை வேகமே முக்கியம். உத்தி விளையாட்டில் சிந்தனையே முக்கியம். ஒருவர் தம் நகர்வை முடித்த பிறகு ஆட்டம் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு ஒரு நிமிடமா, ஒரு நாளா என்பதால் விதிகள் மாறுவதில்லை. அதனால்தான் இவ்வகை ஆட்டங்களைக் கடிதத்தில்கூட ஆட முடிந்தது.

முறை மாறி ஆடுவதிலும் இரண்டு வகை உண்டு. சதுரங்கத்தில் ஒருவர் ஆடியபின் அடுத்தவர் ஆடுகிறார். இது அடுத்தடுத்த முறை. வேறு சில ஆட்டங்களில் எல்லோரும் தம் கட்டளைகளை மறைவாக எழுதிக் கொடுக்க, அவை அனைத்தும் ஒரே சமயத்தில் நிறைவேற்றப்படுகின்றன. இது ஒருங்கு முறை. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், மின்னஞ்சலில் ஆடும்போது ஆட்டம் நகரும் வேகத்தை இதுவே தீர்மானிக்கிறது.

கடிதத்தில் தொடங்கிய வரலாறு

1824-இல் லண்டன் சதுரங்கக் கழகமும் எடின்பரோ சதுரங்கக் கழகமும் கடிதம் மூலம் ஒரு போட்டியைத் தொடங்கின. ஐந்து ஆட்டங்கள் கொண்ட அந்தப் போட்டி 1828 வரை நீடித்து, எடின்பரோவின் வெற்றியில் முடிந்தது. சதுரங்கத்தில் இன்றும் ஆடப்படும் 'ஸ்காட்ச்' என்னும் தொடக்க முறை அந்தப் போட்டியின் வழியாகவே பெயர் பெற்றது.

ஒருங்கு முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு 'டிப்ளமசி' என்னும் பலகை விளையாட்டு. அமெரிக்கரான ஆலன் கால்ஹமர் உருவாக்கிய இது 1959-இல் வெளிவந்தது. முதல் உலகப் போருக்கு முந்திய ஐரோப்பாவின் ஏழு வல்லரசுகளை ஏழு பேர் ஆடுகிறார்கள். வரைபடத்தில் உள்ள 34 வழங்கல் மையங்களில் 18-ஐப் பிடிப்பவர் வெல்வார். இதில் பகடையே கிடையாது. யாரோடு கூட்டுச் சேர்வது, யாரை எப்போது கைவிடுவது என்ற மறைமுகப் பேச்சே ஆட்டத்தின் உயிர். 1963-இல் ஜான் போர்டுமன் என்பவர் தாம் நடத்திய 'கிராஸ்டார்க்' என்னும் சிற்றிதழ் வழியாக இதை அஞ்சலில் ஆடத் தொடங்கினார். ஆட்டக்காரர்கள் கட்டளைகளை நடுவருக்குக் கடிதத்தில் அனுப்புவார்கள். முடிவுகள் அடுத்த இதழில் அச்சாகும்.

1970-இல் ரிக் லூமிஸ் தொடங்கிய 'ஃபிளையிங் பஃபலோ' நிறுவனம் அஞ்சல்வழி ஆட்டத்தைக் கட்டணத் தொழிலாக நடத்தியது. அங்கே கட்டளைகளைக் கணக்கிட்டு முடிவு சொல்லும் வேலையைக் கணினி செய்தது. 1980-களின் பிற்பகுதியில் கென் லோ என்பவர் டிப்ளமசிக்கு 'ஜட்ஜ்' என்னும் நிரலை எழுதினார். ஆட்டக்காரர் மின்னஞ்சலில் அனுப்பும் கட்டளைகளை அந்த நிரலே படித்து, முடிவைக் கணித்து, எல்லோருக்கும் பதில் அனுப்பியது. கடிதத்தின் இடத்துக்கு மின்னஞ்சலும் நடுவரின் இடத்துக்கு நிரலும் வந்தன. ஆட்டத்தின் அமைப்பு மாறவில்லை.

மின்னஞ்சல்வழி ஆட்டம் நடைபெறும் விதம்

நடைமுறையில் இது இரண்டு வடிவங்களில் உள்ளது.

முதல் வடிவத்தில் ஒரே சேமிப்புக் கோப்பு கைமாறிச் செல்கிறது. 2005-இல் வெளிவந்த 'சிவிலைசேஷன் 4' இதற்கு எடுத்துக்காட்டு. முதல் ஆட்டக்காரர் தம் முறையை ஆடி முடித்ததும் ஆட்டத்தின் முழு நிலையும் ஒரு கோப்பில் சேமிக்கப்படுகிறது. அக்கோப்பு இரண்டாமவருக்கு மின்னஞ்சலில் போகிறது. அவர் அதைத் தம் கணினியில் திறந்து, கடவுச்சொல் கொடுத்து, ஆடி, மூன்றாமவருக்கு அனுப்புகிறார். இங்கே தனியாக நடுவர் என்று யாரும் இல்லை.

இரண்டாம் வடிவத்தில் நடத்துநர் ஒருவர் இருப்பார். 1992-இல் டிம் விஸ்மன் வெளியிட்ட 'விஜிஏ பிளானட்ஸ்' இவ்வகையைச் சேர்ந்தது. இதில் 11 பேர் வரை ஆடலாம். நடத்துநரின் கணினியில் ஆட்டத்தின் முழு நிலையும் இருக்கும். அவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் பார்க்கக்கூடிய செய்தி மட்டும் அடங்கிய கோப்பு ஒன்றை அனுப்புவார். ஆட்டக்காரர் அதைப் பார்த்துத் தம் கப்பல்களுக்கும் கோள்களுக்கும் கட்டளை கொடுத்து, அந்தக் கட்டளைகளை மட்டும் வேறொரு கோப்பாகத் திருப்பி அனுப்புவார். எல்லோருடைய கட்டளைகளும் வந்தபின், அல்லது கெடு முடிந்தபின், நடத்துநர் தம் நிரலை ஓட்டுவார். போர்கள் கணிக்கப்பட்டு அடுத்த சுற்றுக்கான கோப்புகள் உருவாகும். 1995-இல் வந்த 'ஸ்டார்ஸ்' என்னும் விளையாட்டும், சுவீடனைச் சேர்ந்த இல்வின்டர் குழுவினரின் 'டொமினியன்ஸ்' வரிசையும் இதே வழியைப் பின்பற்றுகின்றன.

நேரடிச் சேவையக ஆட்டம் நடைபெறும் விதம்

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு 'ஃபிரீசிவ்'. டென்மார்க்கின் ஓர்ஹூஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் 1995-இல் எழுதத் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. இதில் இரண்டு நிரல்கள் உண்டு. ஒன்று சேவையக நிரல். உலகப் படம், நகரங்கள், படைகள், விதிகள் யாவும் அதனிடம் இருக்கும். மற்றொன்று ஆட்டக்காரரின் கணினியில் உள்ள நிரல். அது படத்தைக் காட்டும். நாம் செய்ய விரும்புவதைச் சேவையகத்திடம் கேட்கும். 'இந்தப் படையை வடக்கே நகர்த்து' என்று நாம் சொடுக்கினால், அது ஒரு வேண்டுகோள் மட்டுமே. விதிப்படி முடியுமா என்று சரிபார்த்து நகர்த்துவது சேவையகத்தின் வேலை.

இணைவதற்குச் சேவையகத்தின் முகவரியும் போர்ட் எண்ணும் தேவை. ஃபிரீசிவின் வழக்கமான போர்ட் எண் 5556. வீட்டில் உள்ள ஒரு கணினியையே சேவையகமாக வைத்தால், ரூட்டரில் அந்தப் போர்ட்டைத் திறந்துவிட வேண்டும். பயர்வாலில் அனுமதி தர வேண்டும். நேரடி ஆட்டத்தில் புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான்.

இன்னொரு வகை நேரடி ஆட்டமும் உண்டு. 1997-இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' முறை மாறாமல் ஓடிக்கொண்டே இருக்கும் உத்தி விளையாட்டு. எட்டுப் பேர் ஆடும்போது நூற்றுக்கணக்கான படைவீரர்களின் நிலையை அக்காலத்து மோடத்தில் அனுப்ப இயலாது. எனவே அதை உருவாக்கியவர்கள் எல்லாக் கணினிகளிலும் ஒரே உலகத்தை ஒரே கணக்கில் ஓடவிட்டு, கட்டளைகளை மட்டும் பரிமாறச் செய்தார்கள். ஒரு கட்டளை உடனே நிறைவேறாமல், எல்லாக் கணினிகளுக்கும் போய்ச் சேரும்வரை சிறிது தள்ளி நிறைவேறும். 250 மில்லிநொடி வரையிலான தாமதத்தை ஆடியவர்கள் உணரவே இல்லை என்றும், 500 மில்லிநொடியைத் தாண்டியபோதுதான் அது தெரியத் தொடங்கியது என்றும் அவர்கள் பின்னர் எழுதினார்கள்.

காலக் கணக்கு

ஆறு பேர் 100 சுற்றுகள் கொண்ட ஓர் ஆட்டத்தை ஆடுவதாகக் கொள்வோம்.

கோப்பு கைமாறும் மின்னஞ்சல் முறையில் ஒவ்வொருவரும் சராசரியாக அரை நாள் எடுத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 3 நாள். நூறு சுற்றுக்கு 300 நாள்.

நடத்துநர் உள்ள ஒருங்கு முறையில், சுற்றுக்கு 24 மணி நேரக் கெடு வைத்தால், நூறு சுற்றுக்கு 100 நாள். இதில் ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை கூடினாலும் காலம் கூடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நேரடிச் சேவையகத்தில் சுற்றுக்கு 3 நிமிடம் என்றால், நூறு சுற்றுக்கு 300 நிமிடம், அதாவது 5 மணி நேரம்.

ஐந்து மணி நேரம் குறைவுதான். ஆனால் அந்த ஐந்து மணி நேரமும் ஆறு பேருக்கும் ஒன்றாக வாய்க்க வேண்டும். சென்னையில் இரவு 9 மணி என்றால், குளிர்காலத்தில் லண்டனில் மாலை 3.30, டொராண்டோவில் காலை 10.30. மூன்று ஊர்களில் இருக்கும் நண்பர்கள் ஆடத் தொடங்கினால் சென்னைக்காரர் ஆட்டம் முடியும்போது இரவு 2 மணியைப் பார்ப்பார். இரவுப் பணிக்குப் போகிறவர், கைக்குழந்தை உள்ளவர், தேர்வுக்குப் படிப்பவர், மின்சாரமோ இணையமோ நிலையாக இல்லாத ஊரில் இருப்பவர் ஆகியோருக்கு நேரடி ஆட்டத்தின் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும். மின்னஞ்சல் முறையில் இவர்களுக்குத் தேவைப்படுவது ஒரு நாளில் ஏதாவது ஓர் அரைமணி நேரம். மெதுவான முறை என்று குறை சொல்லப்படுவதே பலரை ஆட்டத்துக்குள் கொண்டுவருகிறது.

சிந்தனைக்கும் இது பொருந்தும். மூன்று நிமிடத்தில் எடுக்கும் முடிவும், ஒரு நாள் முழுவதும் மனத்தில் அசைபோட்டு எடுக்கும் முடிவும் ஒன்றல்ல. டிப்ளமசி போன்ற ஆட்டத்தில் ஆறு பேருக்குத் தனித்தனியாகக் கடிதம் எழுதிப் பேச்சு நடத்த அந்த ஒரு நாள் தேவை.

நம்பிக்கையும் ஏமாற்றும்

இப்போது இரண்டாம் கேள்விக்கு வருவோம். ஆட்டத்தின் உண்மையான நிலை யார் கையில் இருக்கிறது?

கோப்பு கைமாறும் முறையில், ஆடும் நேரத்தில் முழு ஆட்டமும் ஆட்டக்காரரின் கணினியில் இருக்கிறது. ஒருவர் எதிரி நகரத்தைத் தாக்குகிறார், தோற்கிறார். உடனே கோப்பைச் சேமிக்காமல் மூடிவிட்டு, மின்னஞ்சலில் வந்த மூலக் கோப்பை மறுபடி திறந்து தாக்கினால், இம்முறை வெற்றி கிடைக்கலாம். பகடையை விழும்வரை உருட்டிப் பார்ப்பதற்கு இது சமம். அடுத்தவருக்கு எதுவும் தெரியாது. இதைத் தடுக்கச் சில விளையாட்டுகள் பகடையின் மூலமான தற்செயல் எண்ணையும் கோப்பிலேயே பதிந்துவிடுகின்றன. அப்போது எத்தனை முறை திறந்தாலும் அதே தாக்குதல் அதே முடிவையே தரும். ஆனாலும் முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, தாக்காமல் விட்டுவிடும் வாய்ப்பு இருக்கவே செய்கிறது.

நடத்துநர் உள்ள முறையில் இந்தக் குறை இல்லை. ஆட்டக்காரரிடம் கட்டளை மட்டுமே உள்ளது. பகடை நடத்துநரிடம் உருள்கிறது. ஆனால் நடத்துநரே ஆட்டத்தில் ஒருவராக இருந்தால் அவரிடம் எல்லோருடைய இரகசியமும் இருக்கும். அதனால் ஆடாத ஒருவர் நடத்துவதே நல்ல வழக்கம்.

நேரடி இணைப்பு என்றாலே ஏமாற்ற முடியாது என்று எண்ணுவதும் தவறு. ஃபிரீசிவ் சேவையகம் ஒருவர் பார்க்கக்கூடிய பகுதியை மட்டுமே அவருடைய கணினிக்கு அனுப்புகிறது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் வகையிலோ முழு உலகமும் எல்லோருடைய கணினியிலும் ஓடுகிறது. திரைதான் ஒரு பகுதியை மறைக்கிறது. திரையை விலக்கும் நிரல் ஒன்று கையில் இருந்தால் எதிரியின் படை முழுவதும் தெரிந்துவிடும்.

சதுரங்கச் சேவையகங்களில் வேறொரு சிக்கல் எழுந்தது. 1992-இல் தொடங்கிய இணையச் சதுரங்கச் சேவையகத்தில், நகர்வு வலைப்பின்னலில் பயணம் செய்யும் நேரமும் ஆட்டக்காரரின் கடிகாரத்தில் கழிந்தது. மெதுவான இணைப்பு உள்ளவர் திறமையால் அன்றி, தூரத்தால் தோற்றார். இதைச் சரிசெய்ய, அவர் எடுத்துக்கொண்ட நேரத்தை அவருடைய கணினியிலேயே அளந்து சொல்லும் நிரல் பின்னர் பயன்பாட்டுக்கு வந்தது. நியாயம் கிடைத்தது, கூடவே, ஆட்டக்காரரின் கணினி சொல்லும் நேரத்தைச் சேவையகம் நம்ப வேண்டியதாயிற்று.

ஆக, ஏமாற்றுக்கான வாய்ப்பு செய்தி மின்னஞ்சலில் போகிறதா, நேரடியாகப் போகிறதா என்பதைப் பொறுத்ததன்று. பகடையும் இரகசியமும் கடிகாரமும் யாரிடம் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

இடையில் நின்றுபோகும் ஆட்டங்கள்

நீண்ட ஆட்டங்களுக்கு ஏமாற்றைவிடப் பெரிய ஆபத்து, ஒருவர் சொல்லாமல் விட்டுப்போவது. கோப்பு கைமாறும் முறையில் ஒருவர் அனுப்பாவிட்டால் எல்லோரும் நிற்கிறார்கள். ஐந்து பேரின் பல மாத உழைப்பு ஆறாமவரின் அஞ்சல் பெட்டியில் முடங்கிவிடும். அவர் வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும் என்பதில்லை. இணைப்புக் கோப்பு ஸ்பேம் பெட்டிக்குள் போயிருக்கலாம். பழைய சுற்றின் கோப்பைத் தவறுதலாக அனுப்பியிருக்கலாம். அவருடைய கணினியில் விளையாட்டின் வேறு பதிப்பு இருக்கலாம்.

நடத்துநர் உள்ள முறை இதைத் தாங்கும். கெடுவுக்குள் கட்டளை வராவிட்டால் அந்த ஒருவரின் முறை மட்டும் கட்டளையின்றிக் கழியும், மற்றவர்கள் முன்னேறுவார்கள். தொடர்ந்து வராதவரின் இடத்தை வேறொருவருக்கோ கணினிக்கோ கொடுக்கலாம். நேரடிச் சேவையகத்திலும் துண்டிக்கப்பட்டவர் மறுபடி இணைந்து தம் இடத்தில் அமர முடியும். ஆனால் சுற்றுக்கு 3 நிமிடம் என்னும்போது, அரைமணி நேர மின்வெட்டு பத்துச் சுற்றுகளைத் தின்றுவிடும். 24 மணி நேரக் கெடுவில் அதே மின்வெட்டு ஒரு பொருட்டே இல்லை.

இரண்டும் சேர்ந்த வழி

இரு கேள்விகளையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் மூன்றாவது வழி ஒன்று தெரியும். ஆட்டத்தின் நிலை சேவையகத்தில் இருக்கட்டும். ஆட்டக்காரர்கள் தமக்கு வாய்த்த நேரத்தில் வந்து ஆடட்டும்.

சிவிலைசேஷன் 4-இல் உள்ள 'பிட்பாஸ்' முறை இத்தகையது. சேவையகம் இரவும் பகலும் இயங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொருவரும் நாளில் ஒரு முறை இணைந்து, ஆடி, விலகுவார்கள். கெடு முடிந்ததும் சுற்று தானே நகரும். 'சிவிலைசேஷன் 6'-இல் பின்னர் சேர்க்கப்பட்ட 'பிளே பை கிளவுட்' வசதியில் சேமிப்புக் கோப்பு இணையத்தில் இருக்கும்; கோப்பை மின்னஞ்சலில் அனுப்பும் வேலை இல்லை. ஃபிரீசிவிலும் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள் கொடுத்து நடத்தும் நீண்ட ஆட்டங்கள் உண்டு. 1951-இல் அமைந்த பன்னாட்டுக் கடிதவழிச் சதுரங்கக் கூட்டமைப்பும், அஞ்சலட்டையிலிருந்து மின்னஞ்சலுக்கும் அதிலிருந்து தன் இணையச் சேவையகத்துக்கும் வந்து சேர்ந்தது. நகர்வைப் பதிவதும் நேரத்தைக் கணக்கிடுவதும் இப்போது சேவையகத்தின் வேலை. ஒரு நகர்வுக்குப் பல நாள் யோசிக்கும் உரிமை மட்டும் அப்படியே இருக்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டு அல்லது மூன்று பேர், ஒரே ஊர், ஒரு விடுமுறை நாள் என்றால் நேரடி இணைப்பே நல்லது. சிரிப்பும் பேச்சுமாக ஆட்டம் அன்றே முடியும். நான்கு பேருக்கு மேல், வெவ்வேறு நாடுகள், வெவ்வேறு வேலை நேரங்கள் என்றால் நாள் கெடு வைத்த ஆட்டமே நிலைக்கும். அதிலும் விளையாட்டு இடம் கொடுத்தால் கோப்பு கைமாறும் முறையைவிட நடத்துநரோ சேவையகமோ உள்ள முறை மேல். ஒருவரை ஒருவர் நன்கு அறிந்த நண்பர்களுக்குக் கோப்பு கைமாறும் எளிய முறையே போதும்.

எந்த முறையானாலும் முதல் நகர்வுக்கு முன்பே சிலவற்றைப் பேசி எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம்? வெளியூர் போகிறவர் எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும்? ஒருவர் வராவிட்டால் அவர் இடத்தை யார் ஆடுவது? விளையாட்டின் எந்தப் பதிப்பு? கோப்புக்குச் சுற்று எண்ணோடு எப்படிப் பெயர் வைப்பது? நடத்துபவர் ஆடலாமா? மென்பொருளால் தீர்க்க முடியாத சிக்கல்கள் பலவும் இந்த ஒரு பக்க ஒப்பந்தத்தால் தீரும்.

மாணவர்கள் இதில் கற்றுக்கொள்ள வேண்டியது விளையாட்டோடு முடிவதில்லை. வங்கிக் கணக்கின் இருப்பு நம் கைப்பேசித் திரையில் தெரிந்தாலும் அதன் உண்மையான பதிவு வங்கியின் கணினியில்தான் உள்ளது. இணையவழித் தேர்வில் நேரத்தை அளப்பது மாணவரின் கணினியா, தேர்வு நடத்துபவரின் கணினியா என்பது பெரிய வேறுபாடு. கணினிகள் பல சேர்ந்து செய்யும் எந்த வேலையையும் புரிந்துகொள்ள, முதலில் அதே இரண்டு கேள்விகளைக் கேட்கலாம்: எல்லோரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டுமா? உண்மையான பதிவு யாரிடம் இருக்கிறது?